கொடுத்தவர் சொன்னபடி

நிலத்தை விற்க வருகிறவர் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். தருமத்துக்குக் கொடுக்க வருகிறவர் மூன்று நாள் வந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

பத்திரம் எழுதும் தொழிலுக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. திண்டுக்கல்லில் பத்திர ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் இடையில் என் அறை. நான், டைப் அடிக்கும் ஜெயந்தி, சத்தம் போடும் ஒரு மின்விசிறி, இவ்வளவுதான் எங்கள் அலுவலகம். கிரயம், பாகப்பிரிவினை, அடமானம் எல்லாமே எழுதுகிறேன். ஆனால் யாராவது சொத்தை நல்ல காரியத்துக்கு எழுதி வைக்க வேண்டும் என்று வந்தால், மற்ற எழுத்தர்கள் "அந்தம்மாகிட்டப் போங்க, அவங்கதான் பொறுமையா எழுதுவாங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிடுகிறார்கள். அதைப் பாராட்டு என்று முதலில் நம்பினேன்.

இறந்துபோன பெரியப்பாவின் உயிலைக் கையில் வைத்துக்கொண்டு இதை எப்படி நிறைவேற்றுவது என்று முழித்தவரா நீங்கள்? நல்ல காரியமாயிற்றே என்று ஒரு டிரஸ்டில் பெயர் கொடுத்துவிட்டு இன்று வரை கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருப்பவரா? சாட்சிக் கையெழுத்துப் போடப் போய் மாட்டிக்கொண்டவரா? அப்படியானால் நாம் ஒரே கட்சி. உட்காருங்கள், சொல்கிறேன்.

வருஷத்துக்கு ஒரு உயில்

நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. டவுனுக்குள் சொந்தமாக ஒரு வீடு உண்டு. தன் காலத்துக்குப் பிறகு அந்த வீடு ஒரு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும் என்று உயில் எழுத வந்தார். எழுதிக் கொடுத்தேன். "பின்னால மனசு மாறுனா?" என்று கேட்டார். உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும் என்று சொன்னேன். இந்தத் தொழிலில் நான் சொன்ன உண்மைகளிலேயே எனக்கு அதிகம் வேலை வைத்தது அதுதான்.

அடுத்த வருஷம் வந்தார். முதியோர் இல்லத்தை எடுத்துவிட்டு, மாடுகளைப் பராமரிக்கிற ஒரு சங்கத்தைப் போடச் சொன்னார். அதற்கடுத்த வருஷம் மாடுகள் போய், கண் சிகிச்சை முகாம் நடத்துகிறவர்கள் வந்தார்கள். பிறகு ஒரு வாசகசாலை. பிறகு மறுபடியும் முதியோர் இல்லம், ஆனால் வேறு இல்லம். ஜெயந்தி அவருடைய உயிலைக் கம்ப்யூட்டரில் தனியாக வைத்திருக்கிறாள். வாங்குகிறவர் பெயர் வரும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறாள்.

போன பங்குனியில் ஏழாவது தடவையாக வந்தபோது எனக்கு அலுத்துவிட்டது. "ஐயா, உங்க ஆசைதான் என்ன? ஒண்ணுல நில்லுங்க. இப்பிடியே போனா, நீங்க கண்ணை மூடுற அன்னைக்கு யாரு மேல கோவம் இல்லையோ அவங்களுக்குத்தான் வீடு போய்ச் சேரும்" என்றேன். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "பத்திரம் எழுதுன மூணு மாசத்துக்கு வாங்க ஐயா, உக்காருங்க ஐயா, சாப்ட்டுப் போங்க ஐயாங்கிறாங்க. அப்புறம் மறந்துர்றாங்க. நாமதானம்மா ஞாபகப்படுத்தணும்."

தண்ணீர்த் தொட்டி

ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காய்கறி வியாபாரி ஒருவர், தன் கிராமத்துக்கு மேல்நிலைத் தொட்டி கட்ட இரண்டு சென்ட் இடம் கொடுக்க வந்தார். ஒரே ஒரு நிபந்தனை: கிழக்குத் தெருவுக்கு மட்டும் குழாய் போகக் கூடாது. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றினார். ஜெயந்திதான் போகிற போக்கில் விசாரித்துக் கண்டுபிடித்தாள். கிழக்குத் தெருவில் அவருடைய சொந்த அண்ணன் இருக்கிறார். பஞ்சாயத்து இப்படி ஒரு நிபந்தனையை ஏற்றுக்கொள்ளாது, ஒரு தெருவைத் தாகத்தில் விட்டுவிட்டுச் செய்வது தருமமும் ஆகாது என்று ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில் நிபந்தனையை நீக்கச் சொன்னார். பதிலுக்கு, தொட்டியில் தன் பெயரை எழுதும்போது அது கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். "அண்ணன் குடிக்கட்டுமுங்க, நான் வேண்டாங்கல. ஆனா யாரு தண்ணீன்னு பாத்துட்டுக் குடிக்கோணும்."

லாக்கரில் இருந்த ஆசை

பஸ் கண்டக்டராக இருந்தவர் ஒருவர், எழுபது வயது இருக்கும், தன் உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்று வந்தார். "முப்பது வருஷமா ஊர்ச் சனத்தை ஏத்தி எறக்கியாச்சு. இனி டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைக நம்மளை வச்சுப் படிக்கட்டும்" என்றார். உயிலில் அதை முதல் பக்கத்திலேயே எழுதச் சொன்னார். அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதினேன். படித்துக் காட்டியபோது கண் கலங்கினார். கல்லூரியில் படிவம் கொடுப்பார்கள், அதையும் பூர்த்தி செய்யுங்கள், பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள் என்றேன். "சொன்னா வீட்ல அழுவாங்கம்மா. நேரம் வரும்போது சொல்லிக்கலாம்" என்றார். அன்றைக்கு முகூர்த்த நாள். வாசலில் பத்துப் பதினைந்து பேர் பத்திரத்துக்குக் காத்திருந்தார்கள். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவருடைய மகன் வந்தார். தலை மொட்டையாக இருந்தது. கையில் நான் எழுதிய உயில். ஏதோ பட்டா மாற்றம் பற்றிக் கேட்க வந்தவர்போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அப்பா மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார், யாரிடமும் எதையும் சொல்லவில்லை, உயிலை பாங்க் லாக்கரில் வைத்திருந்தார் என்றார். இதனால் சட்டப்படி ஏதாவது தப்பாகிவிடுமா என்று கேட்டார். ஒன்றும் ஆகாது, யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். அவர் சட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்துதான் இருந்தது. ஜெயந்தி வாங்கி வந்த டீ அவர் கையிலேயே ஆறிப்போனது.

அன்றிலிருந்து உடல் தானம் என்று யார் வந்தாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், இங்கேயே வைத்துச் சொல்லுங்கள், அழுகிறவர்கள் இங்கேயே அழட்டும் என்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. வந்தவர்களுடைய ஆசையாவது நடக்கும். அந்த மகன் போகும்போது உயிலைப் பிரித்து, முதல் பக்கத்தை என் முன்னால் வைத்துக் காட்டினார். "பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுதான் லாக்கரத் தொறந்தோம். அஞ்சாவது வரியில என் உடம்பக் குடுத்துருங்கன்னு இருக்கு. நாங்க எரிச்சு முடிச்சே பதினஞ்சு நாளாச்சுக்கா."

நாலு முழம் மல்லிகை

நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயம் செய்கிற ஒருவர் மகளோடு வந்தார். ஒன்றரை ஏக்கர் மல்லிகைத் தோட்டத்தை மகள் பெயருக்கு எழுதி வைக்கிறார்; அதற்குப் பதிலாக மகள், தன் ஆயுள் முழுக்க, அந்தத் தோட்டத்தில் பறித்த மல்லிகையில் தினமும் நாலு முழம் தன் கையால் கட்டி, விடியும் முன்னே ஊர் அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் நிலம் கோயிலுக்குப் போய்விடும். சொல்லிவிட்டு, "எழுதுங்கம்மா" என்று கையைக் கட்டிக்கொண்டார். மகளுக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து அப்பாவோடு தோட்டத்தில் பாடுபடுகிறவள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்கழியில் பனிக்கு மல்லிகை அரும்பு விடாதே, அப்போது என்ன செய்வாள் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை, "அவ பாத்துக்குவா" என்றார். காய்ச்சலில் படுத்தால்? "அவ பாத்துக்குவா." செடி நோய் வந்து அழிந்தால்? வயசாகி விரல் மடங்காமல் போனால்? ஒவ்வொன்றுக்கும் அதே பதில். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, இப்படி எழுதினால் நாலு மாதத்தில் நிலமும் போகும், பூவும் நிற்கும், உங்கள் ஆசையை நீங்களே முறிக்கிறீர்கள் என்றேன். கோபித்துக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் வந்தார், மறுபடி போனார். மூன்றாம் நாள், அந்தந்தப் பருவத்தில் அந்த நிலத்தில் எந்தப் பூ பூக்கிறதோ அது போதும், பூ இல்லாத நாளில் ஒரு விளக்குப் போதும், மகளால் முடியாதபோது ஆள் வைத்துக் கட்டிக் கொடுக்கலாம், தவறினாலும் நிலம் போகாது என்று நான் எழுதி வைத்திருந்ததைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "மார்கழிக்குச் செவ்வந்தியப் போட்டுக்கட்டும், அவளுக்கு அதுவும் பிடிக்கும்" என்றார். அம்மனைச் சொல்கிறாரா மகளைச் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

பதிவு முடிந்து பத்திர ஆபீஸ் படியில் இறங்கும்போது அவர் முன்னால் போய்விட்டார். மகள் என் பக்கத்தில் நடந்து வந்தாள். இப்போது சம்மதம்தானே என்று கேட்டேன். மூன்று நாளில் முதல் தடவையாகப் பேசினாள். "நீங்க மாத்தி எழுதலேன்னா எங்கப்பா சாமிக்குப் பூக் குடுத்துருக்க மாட்டாருக்கா, எனக்குச் சாகுற மட்டும் வேலை குடுத்துருப்பாரு."

ஊர் கேட்கக் கூடாது

பேகம்பூர் பாய் ஒருவர், தோல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர், இரண்டு மகன்களோடு வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. நோயாளிக்குத் துணையாக வருகிறவர்கள் குளிக்கவும் படுக்கவும் அதை இலவசமாக விட வேண்டும், அதற்கு ஒரு டிரஸ்ட் வேண்டும் என்றார். நல்ல யோசனை, எழுதுவதும் சுலபம் என்று நினைத்தேன். அப்போதுதான் நிபந்தனையைச் சொன்னார்: வருகிறவர்களிடம் ஊர், பெயர், தெரு எதுவும் கேட்கக் கூடாது.

பெயர்கூடக் கேட்காமல் எப்படி ஒருவரைத் தங்க வைப்பது, நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டால் என்ன சொல்வது என்றேன். மூத்த மகன்தான் சொன்னார். சில வருஷத்துக்கு முன்னால் வெளியூர் ஒன்றில் அம்மாவை நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். அத்தா தங்குவதற்கு இடம் தேடி ஒரு சத்திரத்துக்குப் போனார். பெயர் கேட்கும் வரைக்கும் அறை இருந்தது. சொன்ன பிறகு இல்லை. நாற்பது நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் செய்தித்தாள் விரித்துப் படுத்தார். அம்மா திரும்பவில்லை. "பேரைக் கேட்டாலே எல்லாம் தெரிஞ்சு போயிரும் தங்கச்சி. அதான் கேக்க வேணாங்கிறேன்" என்றார் பாய். சட்டத்தையும் விட முடியாது, அவரையும் விட முடியாது.

வழி சொன்னது ஜெயந்திதான். நோயாளியின் வார்டு எண், கட்டில் எண், வருகிறவரின் போன் எண், இந்த மூன்றையும் எழுதிக்கொண்டால் போதாதா, வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளலாமே என்றாள். பாய் அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்படியே எழுதினோம். இளைய மகனுக்கு மட்டும் திருப்தியில்லை. "அத்தா, திருட்டுப் பய எவனாச்சும் வந்து தங்கிட்டா?" என்றார். பாய் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "வந்தா தங்கட்டும்பா. அவனுக்கும் உள்ள ஒரு கட்டில்ல ஆள் கெடக்குல்ல."

பிற நற்காரியங்கள்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்தவர் பைத்தியக்காரத்தனத்தை மட்டும் சொல்லிக்கொண்டு போவது நியாயமில்லை.

நான் தொழிலுக்கு வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, கல்யாணம் செய்துகொள்ளாதவர், தன் வீட்டை டிரஸ்டாக்க வந்தார். ஆறு அறை உள்ள பெரிய வீடு. கிராமத்திலிருந்து திண்டுக்கல்லுக்குப் படிக்க வரும் பெண்கள் நான்கு பேரை ஏற்கெனவே தன்னோடு வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். தனக்குப் பிறகும் அந்த வீட்டில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். நான்தான் அதைப் பெரிதாக்கினேன். "கிராமப்புற மகளிரின் கல்வி மேம்பாட்டிற்காகவும் அதனைச் சார்ந்த பிற நற்காரியங்களுக்காகவும்" என்று எழுதினேன். அந்த அம்மா நிதானமாகப் படித்துவிட்டு, "பிற நற்காரியங்கள்னா என்னம்மா?" என்று கேட்டார். "எல்லா டிரஸ்ட் பத்திரத்துலயும் போடுறதும்மா. பின்னால வசதியா இருக்கும்" என்றேன். யாருக்கு வசதி என்று அவர் கேட்கவில்லை. என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த அம்மா இறந்து ஒரு வருஷத்தில், மராமத்து என்று சொல்லி டிரஸ்டிகள் பெண்களைக் காலி செய்யச் சொன்னார்கள். மராமத்து முடிந்து திறந்தபோது வீட்டின் கீழ்த்தளம் பர்னிச்சர் ஷோரூமாக இருந்தது. வருஷத்துக்கு ஒரு விழா வைத்து, பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறார்கள். எனக்கு இதெல்லாம் தெரியாது. அங்கே தங்கிப் படித்து, இப்போது கிராம நிர்வாக அலுவலராக இருக்கிற ஒரு பெண் பத்திரத்தின் நகலோடு வந்து என் முன்னால் வைத்தபோதுதான் தெரிந்தது. "நாங்க தங்குறதுக்குத்தான் வீடுன்னு அந்தம்மா எங்ககிட்டச் சொன்னாங்க. உங்ககிட்டச் சொல்லலையா?" என்று கேட்டாள். சொன்னார், ஆனால் நான் எழுதவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வீட்டில் படித்தவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். வாய்தா நடந்துகொண்டிருக்கிறது. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள், போனேன். அந்த அம்மா விடுதிக்காகத்தான் வீட்டைக் கொடுத்தார் என்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் பத்திரத்தைக் காட்டி, இந்த வரியை எழுதியது நீங்கள்தானே என்றார். ஆமாம். விடுதி என்ற சொல் இதில் எங்காவது இருக்கிறதா? இல்லை. என் சாட்சி அதோடு முடிந்தது. வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது மூத்த டிரஸ்டி பக்கத்தில் வந்தார். மரியாதையானவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். என் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை என்று காட்டத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். "நாங்க எதையும் மீறலம்மா. நீங்க எழுதுனபடிதான் நடக்குது."

கொய்யாத் தோப்பு

அதற்குப் பிறகுதான் நான் நூறு கேள்வி கேட்கிறவளாக மாறினேன். ஆயக்குடியிலிருந்து வந்த அம்மாவிடமும் கேட்டேன். புருஷன் இறந்தவர், அறுபத்தைந்து வயது இருக்கும். அரசுப் பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த தன் கொய்யாத் தோப்பில் அரை ஏக்கரை, மரத்தோடு பள்ளிக்கூடத்துக்கே கொடுக்க வந்திருந்தார். அவர் கேட்ட நிபந்தனை ஒன்றுதான்: பழம் பறிக்கிற பிள்ளைகளை யாரும் அடிக்கக் கூடாது. கூட வந்த கல்வித்துறை அலுவலர் நல்ல மனிதர். "அரசாங்கத்துக்குக் குடுக்குற தானத்துல நிபந்தனை போட முடியாதும்மா" என்று பொறுமையாக விளக்கினார். "அப்ப வேண்டாமுங்க" என்று அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

உட்கார வைத்து, ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன். முப்பது வருஷத்துக்கு முன்னால், இரண்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண்பிள்ளை இடைவேளையில் வேலி தாண்டி வந்து இரண்டு பழம் பறித்தாளாம். அவர் புருஷன் பிடித்துத் தடியால் அடித்துவிட்டார். அன்றைக்கு அழுதுகொண்டே போன பிள்ளை அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பக்கமே வரவில்லை. ஆடு மேய்த்தாள், பிறகு தோட்ட வேலைக்குப் போனாள். "நானு வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தனுங்க. ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லுல" என்றார் அந்த அம்மா. அலுவலர் தலையைக் குனிந்துகொண்டார்.

நிபந்தனையாக எழுதாமல், பத்திரத்தின் தொடக்கத்தில் கொடுப்பவரின் விருப்பமாக எழுதினேன்: பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பழத்தைத் தடையின்றிப் பறித்துத் தின்ன வேண்டும், அதற்காக எவரும் அவர்களை அடிக்கவோ வையவோ கூடாது என்பது என் விருப்பம். விருப்பத்துக்குச் சட்டத்தில் பலம் கிடையாது, யாராவது மீறினால் நிலத்தைத் திரும்ப வாங்க முடியாது என்று இரண்டு தடவை சொன்னேன். அலுவலர் அந்த வரியை வேறு யாரும் ஆட்சேபிக்காமல் பார்த்துக்கொள்வதாகவும், தலைமை ஆசிரியையிடம் சொல்லி அதைச் சுவரில் எழுத வைப்பதாகவும் சொன்னார். "எழுதி இருந்தாப் போதுமுங்க. படிக்கறவங்க படிக்கட்டும்" என்று அந்த அம்மா சம்மதித்தார்.

பதிவு நாளன்று இரண்டு சாட்சிகளைக் கூட்டி வந்தார். ஒருவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர். இன்னொருவர் நாற்பது வயதை நெருங்கிய ஒரு பெண், கையெல்லாம் கொய்யா இலைக் கறை. பெயர் எழுதத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று தலையாட்டிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினாள். எழுதி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது, பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாம் வகுப்போடு நின்றுபோன அந்தப் பிள்ளை இவள்தான் என்று அந்த அம்மா சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பல வருஷமாக அதே தோப்பில்தான் கூலிக்குப் பழம் பறிக்கிறாள். வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "இனிமே அது பள்ளிக்கூடத்துத் தோப்புங்களா? இத்தனை வருசம் பறிச்சும் ஒண்ணுகூட வாயில வெச்சதில்லைங்க. இனி ஒண்ணு திங்கலாமுங்களா?"

மொத்தத்தில், கொடுக்கிறவர் மனதில் இருப்பது எனக்கு முழுதாகப் புரிவதற்குள் பத்திர ஆபீசைச் சாத்திவிடுகிறார்கள்.